மூன்றாம் வரிசை வில்லனுக்கு எட்டுப் பக்கம்

கேள்வி இது: காமிக்ஸில் ஓரிரு இதழ்களில் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போன வில்லன்களை வைத்து, எட்டுப் பத்துப் பக்கத்தில் முடிந்துவிடுகிற தனித்தனிக் கதைகள் எழுத ஆசை. ஆளையே கேள்விப்படாத வாசகருக்கு அவன் யார், என்ன சக்தி, எப்படி வில்லன் ஆனான் என்று சொல்வதற்குள் பக்கம் தீர்ந்துவிடாதா?

தீர்ந்துவிடும். எனக்கு அப்படித்தான் தீர்ந்தது. நான் எழுதிய முதல் குறுங்கதையில் எட்டுக்கு மூன்று பக்கம் முன்கதை: ஆய்வுக்கூடம், வெடிவிபத்து, ஆஸ்பத்திரிக் கட்டில், கட்டுப் பிரித்ததும் கண்ணாடியில் முகம். படம் வரைய ஒப்புக்கொண்ட நண்பர் பிரதியைத் திருப்பித் தரும்போது, "நாலாம் பக்கத்திலிருந்து படித்தேன், எல்லாம் புரிந்தது" என்றார். முதல் மூன்று பக்கத்தை அவர் தொடவே இல்லை. கோபம் வந்தது. மறுநாள் அந்த மூன்றையும் வெட்டிவிட்டேன்.

இந்த ஆளுக்கு இன்றைக்கு என்ன வேண்டும்? வாசகர் தெரிந்துகொள்ள நினைப்பது அவ்வளவுதான். அது தெரிந்துவிட்டால் முன்கதையைத் தானே ஊகித்துக்கொள்வார். சின்ன வில்லன் சின்னக் கதைக்குப் பொருந்துவதும் இதனால்தான். பூமியையே ஆள நினைப்பவனின் ஆசைக்கு எண்ணூறு பக்கம் கொடுத்தாலும் போதாது. மூன்றாம் வரிசைக்காரனின் ஆசை ஒரு சாயங்காலத்துக்குள் அடங்கிவிடும்.

1963 ஜனவரி தேதியிட்ட ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் 104ஆம் இதழில் பேஸ்ட்-பாட் பீட், அதாவது பசைச்சட்டி பீட், என்று ஒருவன் வந்தான். ஒரு வாளி பசை, அதைப் பீய்ச்ச ஒரு துப்பாக்கி, அவ்வளவுதான் ஆள். அந்தப் பெயர் அவனுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது, 1965இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 38ஆம் இதழில் டிராப்ஸ்டர் என்று மாற்றிக்கொண்டான். என்ன பிரயோசனம்? அதற்கப்புறமும் யாராவது பழைய பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். இதில் ஒரு கதை சும்மா கிடக்கிறது. புதிதாகச் சேர்ந்த அடியாள் பையன் ஒருவன், பழைய விஷயம் எதுவும் தெரியாதவன், வாய்க்கு வாய் "டிராப்ஸ்டர் சார்" என்கிறான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தன் மரியாதையாகக் கூப்பிடுகிறான். அன்றைய கொள்ளை முடியும்வரை அந்தப் பையன் காதில் பழைய பெயர் விழக்கூடாது. வங்கிப் பணம் கிடைக்கிறதா இல்லையா என்பது அப்புறம்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் ஒரு தப்பு நடக்கும்: சிரிப்பு வருகிறது என்பதற்காகவே எடுப்பது. சிரிப்பு இரண்டு பக்கம் தாங்கும். 1965இல் டேர்டெவில் 8ஆம் இதழில் வந்த ஸ்டில்ட்-மேனைப் பாருங்கள். வில்பர் டே என்கிற பொறியாளர், முதலாளியின் ஹைட்ராலிக் கருவியைத் திருடி, நீண்டு உயர்கிற உலோகக் கால்களைச் செய்து மாட்டிக்கொண்டவர். கேட்டதும் சிரிப்பு வரும், சரி. மூன்றாம் பக்கத்திலிருந்து அந்தக் காலை ஒரு இயந்திரமாகப் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். ஹைட்ராலிக் என்றால் எண்ணெய் இருக்கும், எண்ணெய் இருந்தால் கசியும். ஒரு பக்கத்து சீல் தேய்ந்தால் இடது கால் இறங்குகிற வேகத்தில் வலது கால் இறங்காது. குளிரில் எண்ணெய் கெட்டிப்படும். பத்தாவது மாடி உயரத்தில் நிற்பவனுக்குக் காற்று எப்படி அடிக்கும், கீழே கூட்டாளி கத்துவது காதில் விழுமா, முழங்கால் அரித்தால் என்ன செய்வான்? அவனுடைய சக்தியால் அவனுக்கே என்னென்ன இடைஞ்சல் என்று பத்து வரி எழுதிப்பாருங்கள். ஏழாவது எட்டாவது வரிக்குள் கதை கிடைத்துவிடும், பெரும்பாலும் ரிப்பேர் சம்பந்தப்பட்டதாக இருக்கும். வில்லனுக்கும் வேலை, உதிரிபாகம், முதுகுவலி எல்லாம் உண்டு.

அடுத்தது சோகம். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான்.

பழியை 1992இல் வந்த ஒரு 22 நிமிட அனிமேஷன் கதையின்மேல் போடலாம். பேட்மேன் அனிமேஷன் தொடரில் பால் டினி எழுதிய 'ஹார்ட் ஆஃப் ஐஸ்'. அதன் வில்லனான மிஸ்டர் ஃப்ரீஸ் 1959இல் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் வந்து, பனித்துப்பாக்கியோடு அலைந்த ஒரு சாதாரணத் திருடன். டினி அவனுக்கு நோரா என்ற நோயாளி மனைவியைக் கொடுத்தார். அவளைக் காப்பாற்றச் செய்த ஆராய்ச்சியைக் கம்பெனி முதலாளி பாதியில் நிறுத்த, அப்போது நடந்த விபத்தில் இவன் குளிருக்கு வெளியே உயிர்வாழ முடியாதவனாகிறான். அந்த 22 நிமிடத்துக்குப் பிறகு காமிக்ஸும் இந்தக் கதையையே ஏற்றுக்கொண்டது. பிற்பாடு எல்லோரும் பிடித்துக்கொண்டது மனைவியை மட்டும்தான். பல்லி வேடக்காரனுக்கு ஒரு செத்த மனைவி, பலூன்காரனுக்கு ஒரு செத்த தங்கை என்று வரிசையாகப் பிணம் விழ ஆரம்பித்தது.

அந்தக் கதை நிற்பதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. ஆரம்பத்தில் பேட்மேனுக்கு ஜலதோஷம். அவர் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் ஒரு ஃபிளாஸ்கில் சூடான சிக்கன் சூப் கொடுத்து அனுப்புகிறார். சும்மா ஒரு தமாஷ் போலத்தான் தெரியும். கடைசிச் சண்டையில், குளிரில் மட்டுமே வாழக்கூடிய அந்த ஆளின் கண்ணாடித் தலைக்கவசத்தை உடைப்பது அந்த சூப்தான். சூப்பையும் கவசத்தையும் 22 நிமிடத்துக்குள் காட்டி, 22 நிமிடத்துக்குள்ளேயே மோதவிட்டு முடித்துவிடுகிறார்கள். முந்தைய கதை எதையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. ஒரு கதை தன் காலில் நிற்பது என்றால் இதுதான். மனைவியை எடுத்த அளவுக்கு இந்த ஃபிளாஸ்கை யாரும் எடுக்கவில்லையே என்பது என் ஆதங்கம்.

சோகம் கூடாது என்று சொல்லவரவில்லை. கைட் மேன் இருக்கிறான். 1960இல் பேட்மேன் 133ஆம் இதழில் பட்டத்தில் தொங்கிக்கொண்டு வந்தவன். பல்லாண்டு கேலிக்குப் பிறகு 2017இல் டாம் கிங், பேட்மேன் 27ஆம் இதழை முழுக்க அவனுக்குக் கொடுத்தார். பேட்மேனின் பெரிய வில்லன்களான ஜோக்கருக்கும் ரிட்லருக்கும் நடக்கிற சண்டையில் நசுங்குகிற ஒரு சில்லறைக் குற்றவாளி. அவனுடைய சின்ன மகன் பட்டம் விட, அந்தப் பட்டத்தின் நூலில் ரிட்லர் விஷம் தடவி வைத்திருக்கிறான். இங்கே சாவு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய சாவு இல்லை, பட்டத்து நூல் வழியாகவே வருகிறது. அதனால் அதற்குப் பிறகு அவன் பட்டத்தை மாட்டிக்கொண்டு வரும்போது சிரிக்க முடியவில்லை. உங்கள் வில்லனுக்குத் துக்கம் கொடுப்பதானால் அது அவனுடைய வாளிக்குள்ளோ, காலுக்குள்ளோ, நூலுக்குள்ளோ இருக்க வேண்டும். அப்படி அமையவில்லையா, துக்கத்தை விட்டுவிட்டு வேறு ஆசையைத் தேடுங்கள்.

அதே அனிமேஷன் தொடரின் கிளாக் கிங்குக்கு நடந்தது என்ன தெரியுமா? நிமிஷம் தவறாமல் வாழ்கிறவர். ஒருநாள் ஒருவர், காப்பி இடைவேளையைப் பதினைந்து நிமிடம் தள்ளி எடுத்துப்பாருங்களேன் என்று நல்ல மனசோடு யோசனை சொல்கிறார். எடுத்தார். காகிதங்கள் காற்றில் பறந்து, கோர்ட்டுக்குத் தாமதமாகி, வழக்கில் தோற்று, எல்லாம் போயிற்று. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு ஜென்மப் பகை! யாரும் சாகவில்லை, ஆனாலும் அவர் கோபம் நமக்குப் புரிகிறது.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்ட்ரோ சிட்டி காமிக்ஸ் தொடரில் 1997இல் வந்த ஒரு தனிக்கதை. எழுதியவர் கர்ட் பியூசிக், படம் பிரென்ட் ஆண்டர்சன். ஜங்க்மேன் ஒரு வயதான கண்டுபிடிப்பாளர். பொம்மைக் கம்பெனியில் காலமெல்லாம் உழைத்தவரை, வயதாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். குப்பையில் கிடக்கிற சாமான்களை வைத்து ஆயுதங்கள் செய்து, ஒரு வங்கியைக் கொள்ளையடிக்கிறார். திட்டம் அப்படியே பலிக்கிறது. பணம் கிடைக்கிறது, யாரும் பிடிக்கவில்லை, கடற்கரை விடுதியில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. இப்படிப்பட்ட ஒரு கொள்ளையைச் செய்தது யார் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பிடிபடாதவன் சாமர்த்தியத்தை யார் மெச்சுவார்கள்? பணத்தைத் திங்கவா முடியும்? கிழவருக்குத் தூக்கம் போய்விடுகிறது. திரும்பி வருகிறார், பிடிபடும்படி இன்னொரு தடவை செய்ய. வில்லன் ஜெயித்துவிட்டால் என்ன ஆகும் என்று பெரிய கதைகள் கேட்பதே இல்லை, அவற்றுக்கு அவன் தோற்றே ஆக வேண்டும். இந்தச் சின்னக் கதை அவனை முதலிலேயே ஜெயிக்கவிட்டு, அந்த ஜெயிப்பால் அவன் படுகிற அவஸ்தையைக் கதையாக்குகிறது. அவருடைய ஆசையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பார்த்தீர்களா, நான்தான் செய்தேன். வேலையை விட்டு அனுப்பப்பட்ட எந்த மனிதனுக்கும் இருக்கிற ஆசைதான் அது. முகமூடியைக் கழற்றினால் அலுவலகக் கதை.

பக்கக் கணக்குக்கு வருவோம். இதில் வாத்தியார் வில் ஐஸ்னர். 1940 முதல் செய்தித்தாள் இணைப்பாக வந்த 'தி ஸ்பிரிட்' கதைகள் பெரும்பாலும் ஏழு பக்கம்தான். 1948 செப்டம்பர் 5 அன்று வந்த கெர்ஹார்ட் ஷ்னாபிள் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஷ்னாபிள் என்ற சாதாரண மனிதனுக்குப் பறக்கத் தெரியும், யாருக்கும் அது தெரியாது. உலகத்துக்குக் காட்டிவிடுவது என்று உயர்ந்த கட்டடத்தின் மேலிருந்து பறக்கிறான். அதே மாடியில் தொடரின் ஹீரோ ஸ்பிரிட்டுக்கும் ரவுடிகளுக்கும் துப்பாக்கிச் சண்டை. குறி தவறிய குண்டு ஒன்று அவன்மேல் பாய்கிறது. விழுகிறான். அவன் பறந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. இவன் வில்லன்கூடக் கிடையாது. ஆனால் நீங்கள் எழுத நினைக்கிற கதையின் எலும்புக்கூடு இங்கே இருக்கிறது: ஒரு ஆள், ஒரு ஆசை, ஒரு உயரம், பக்கத்திலேயே நடக்கிற வேறு யாருடைய கதையோ.

அந்த வேறு கதைதான் ஹீரோ. வில்லன் பக்கம் நின்று எழுதும்போது ஹீரோவை மழை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வரும் என்று தெரியும், எப்போது என்று தெரியாது, வந்தால் நனைய வேண்டியதுதான். மழையிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. 2001இல் ஸ்பைடர்-மேன்ஸ் டாங்கிள்ட் வெப் 4ஆம் இதழில் கிரெக் ருக்கா இதைச் செய்து காட்டினார், படம் எடுவார்டோ ரிஸ்ஸோ. கிங்பின் என்கிற தாதாவின் கூட்டத்தில் நடுத்தரப் பொறுப்பில் இருக்கிற ஒருவன். அவன் பார்த்துவந்த வேலையை ஸ்பைடர்-மேன் கெடுத்துவிட்டான். முதலாளி கூப்பிட்டிருக்கிறார். போனால் என்ன ஆகும் என்பது அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். போகும்வரை உள்ள நேரம்தான் கதை. ஸ்பைடர்-மேன் பெயரில் வந்த இதழில் ஸ்பைடர்-மேனுக்கு வேலையே கிடையாது.

ஹீரோவை உள்ளே விட்டே தீர வேண்டுமென்றால் உட்காரவைத்துப் பேசவிடலாம். 1982இல் மார்வெல் டூ-இன்-ஒன் 86ஆம் இதழில் தி திங் என்கிற ஹீரோவும் சாண்ட்மேன் என்கிற வில்லனும் ஒரு மதுக்கூடத்தில் சந்திக்கிறார்கள். அடிதடி தொடங்கப்போகிறது என்று பக்கத்தைப் புரட்டினால், இரண்டு பேரும் பீர் குடித்துக்கொண்டு கதை பேசுகிறார்கள். பேசி முடித்ததும் கிளம்பிப் போகிறார்கள். டாம் டிஃபால்கோ எழுதியது. சாண்ட்மேன் மூன்றாம் வரிசை ஆள் இல்லைதான், இருந்தாலும் இந்த உத்தி எவனுக்கும் பொருந்தும்.

முடிவு விஷயத்தில் இரண்டு சுலபமான வழிகள் உண்டு, இரண்டையும் முடிந்தவரை தவிர்க்கப் பாருங்கள். ஒன்று, கொன்றுவிடுவது. ஷ்னாபிள் சாகிறானே என்றால், அவன் அதற்குமுன் எங்கேயும் வந்ததில்லை, ஐஸ்னரே பெற்று ஐஸ்னரே அனுப்பிவைத்தார். ஏற்கெனவே இருக்கிற ஒருவனைக் கொல்வதில் உங்கள் திறமை எதுவும் இல்லை. ஸ்டில்ட்-மேனைப் பிறகு, குற்றவாளிகளைத் தேடிக் கொல்கிற பனிஷர் கொன்றார், அந்தச் சாவு யாருக்கும் ஞாபகமில்லை. அவனுக்காகச் சக வில்லன்கள் மதுக்கூடத்தில் கூடித் துக்கம் அனுசரிக்கிற இதழ் ஒன்று வந்தது, அதுதான் மனசில் நிற்கிறது. இன்னொரு சுலப வழி, திருத்திவிடுவது. திருந்துவதற்கு நாள் ஆகும். இரும்புக்கை மாயாவியாக நமக்குப் பழக்கமான லூயிஸ் கிராண்டல், 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் முதலில் வந்தபோது கொள்ளையிலும் நாசவேலையிலும் இறங்கியவன்தான். நல்லவனாக மாற வாரக்கணக்கில் தொடர் ஓட வேண்டியிருந்தது. எட்டுப் பக்கத்தில் ஒருவன் திருந்தினால் வாசகர் நம்பமாட்டார். தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு அடி தள்ளி அவனை நிறுத்துங்கள். போதும்.

உரிமைப் பிரச்சினையை மறந்துவிடாதீர்கள். மார்வெல், டிசி என்ற பெரிய அமெரிக்கக் காமிக்ஸ் கம்பெனிகளின் பாத்திரங்களை வைத்துப் பழகிப் பார்ப்பது வேறு, விற்பது வேறு. விற்க வேண்டுமானால் பியூசிக் மாதிரி சொந்த ஊர், சொந்த ஆட்கள். அல்லது பழைய அமெரிக்க இதழ்களில் தேடலாம். 1964க்கு முன் அங்கே வெளியானவற்றின் காப்புரிமையை 28ஆம் ஆண்டில் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டவை பொதுச்சொத்து. இதழ் இதழாகச் சரிபார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

சொந்த ஆள் என்றால் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். நான் இப்போது எழுதிக்கொண்டிருப்பதைச் சொல்கிறேன். பெயர் தலைகீழான். காந்தக் காலணி போட்டுக்கொண்டு இரும்புத் தகடு வேய்ந்த கூரைகளில் தலைகீழாக நடக்கிறவன். முப்பது வருஷத்துக்கு முன் ஒரே ஒரு வங்கியில் புகுந்தான், பாதி வழியில் விழுந்தான், உள்ளே போனான். இப்போது அறுபது தாண்டியாகிவிட்டது. அந்த வங்கிக் கட்டடத்தைத் திங்கட்கிழமை இடிக்கிறார்கள்.

முதல் பக்கத்தில் இடிப்பு அறிவிப்புப் பலகை. எல்லோரும் பலகையைப் பார்க்க, ஒரு கிழவர் மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே கூரையைப் பார்க்கிறார். இரண்டாம் பக்கம் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி, காலணி, கசிந்து பூத்துப்போன பேட்டரி. விபத்து, பழி, எதுவும் கிடையாது. மூன்றில் உள்ளே நுழைகிறார், நுழைந்ததும் காவலாளியின் டார்ச் வெளிச்சத்தில் மாட்டிக்கொள்கிறார். திருட இங்கே ஒன்றுமில்லை, ஒரு தடவை மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார். காவலாளி சின்னப் பையன், ராத்திரி முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தவன். சரி, போங்கள் என்கிறான்.

ஐந்தும் ஆறும் கூரை. அந்த இரண்டு பக்கமும் தலைகீழாக அச்சாகும், வாசகர் புத்தகத்தைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் கறுப்பாகக் காலடித் தடங்கள். கை எட்டாத இடம், முப்பது வருஷமாக யாரும் துடைக்கவில்லை. கீழிருந்து பையன் எண்ணிக்கொண்டே வருகிறான். இருபத்து மூன்றாவது தடத்தில் முன்பாதம் மட்டும் இருக்கிறது, குதிகால் இல்லை. ஹீரோதான் இழுத்துத் தள்ளினான் என்று ஜெயிலில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். தடத்தைப் பார்த்தால் தெரிகிறது, யாரும் தள்ளவில்லை. பயந்து, திரும்பி ஓடப் பார்த்து, தானே வழுக்கியிருக்கிறார்.

எட்டாம் பக்கத்தை மூன்று முறை எழுதிவிட்டேன். முதலில் பையனிடம் உண்மையைச் சொன்னார். பாவமன்னிப்பு மாதிரி இருந்தது. அடுத்து பழைய பொய்யையே சொன்னார். ரொம்பச் சாமர்த்தியமாகப் பட்டது. இப்போது வைத்திருப்பதில் அவருக்கு வசனமே இல்லை. பாதித் தடத்துக்கு முன்னால் வெறும் கூரை. அவர் காலைத் தூக்கி, குதிகால் முதலில் படும்படி, அழுத்தி வைக்கிறார். கீழே பையன் வாயிலிருந்து ஒரு சின்னப் பேச்சு பலூன்: "இருபத்து நாலு."